ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பெரியவருக்கு வயிற்றுப்போக்கா? சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் இதைப் படிங்க!

நிமோனியா, சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோயால் வந்த கால் புண். இப்படி ஏதோ ஒன்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 70 வயதுக்காரர் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். காய்ச்சல் போச்சு, இருமல் போச்சு. ஆனால் நாலைந்து நாளில் புதுப் பிரச்னை: "வயித்தால போகுது".

உடனே வீட்டில் விசாரணை தொடங்கும். நேத்து என்ன சாப்பிட்டார், எந்தத் தண்ணி குடிச்சார், யார் வீட்டுப் பலகாரம்? ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ஏற்றிய ஆன்டிபயாடிக் மருந்தை மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வயதானவர்கள் விஷயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தான்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் பாதையில் மலைக்குப் பின்பக்கம், ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கும் ஊர். இங்கே ஒரு பெரியவருக்கு உடம்பு முடியாவிட்டால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பெரிய சிகிச்சை என்றால் வேலூர், புதுச்சேரி, சென்னை. டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்கு வந்த பிறகு தொடங்கும் வயிற்றுப்போக்கை, வார்டில் மருந்து எழுதிய டாக்டர் பார்க்கப் போவதில்லை. தெருமுனை மெடிக்கல் ஷாப்காரர்தான் பார்ப்பார். பழி விழுவதோ பௌர்ணமி அன்னதானத்தின் மேல்! பேதியை நிறுத்த ஒரு மாத்திரை கொடுப்பார்கள். சிக்கல் அந்த மாத்திரையிலேயே ஆரம்பிக்கலாம்.

மருந்து சாப்பிட்டால் வயிறு ஏன் கெடுகிறது?

நம் பெருங்குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. செரிக்காமல் வரும் நார்ச்சத்தை உடைப்பது, கெட்ட கிருமிகளுக்கு இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவற்றின் வேலை. நுரையீரலில் இருக்கும் கிருமியைக் கொல்ல வந்த ஆன்டிபயாடிக், குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது. நார்ச்சத்து சரியாக உடையாமல் குடலிலேயே தங்கி, தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அதுதான் பேதி.

சில மருந்துகள் வேறு வழியிலும் வேலை காட்டும். எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்றவை குடலின் அசைவையே வேகப்படுத்தும். அமாக்சிசிலினுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையில், அந்தக் கிளாவுலானிக் அமிலம்தான் பெரும்பாலும் வயிற்றைக் கலக்குகிறது.

எந்த மருந்து என்பதைப் பொறுத்து, ஆன்டிபயாடிக் எடுப்பவர்களில் 100க்கு 5 பேர் முதல் 30 பேர் வரை வயிற்றுப்போக்கு வரலாம். பெரும்பாலானவர்களுக்கு மருந்தை நிறுத்தியதும் சில நாளில் தானாகச் சரியாகிவிடும்.

"ஊசிதானே போட்டாங்க, வயித்துக்கு எப்படிப் போச்சு?"

பலரும் கேட்கும் கேள்வி. ரத்தத்தில் ஏறும் மருந்து எப்படியாவது உடம்பை விட்டு வெளியே போக வேண்டும். சிறுநீர் ஒரு வழி, பித்தநீர் இன்னொரு வழி. நம் ஆஸ்பத்திரிகளில் அதிகம் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி மருந்தில் கணிசமான பங்கு பித்தநீர் வழியாகக் குடலுக்குள்தான் இறங்குகிறது. ஆக, மாத்திரையே சாப்பிடாத பெரியவருக்கும் வயிறு கெடும்.

சாதாரண பேதியா, ஆபத்தான பேதியா?

ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கில் ஏறத்தாழ 10 முதல் 25 சதவீதத்துக்குக் காரணம் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா. அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். டாக்டர்கள் சுருக்கமாக 'சி டிஃப்' என்பார்கள். 1935இல் பிறந்த குழந்தைகளின் மலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டபோது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970களில் கிளிண்டாமைசின் மருந்து எடுத்த நோயாளிகளுக்குப் பெருங்குடல் அழற்சி வந்தது. 1974இல் வெளியான ஆய்வில், அந்த மருந்து எடுத்த 200 பேரில் ஐந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு, பத்தில் ஒருவருக்குக் குடலின் உள்சுவரில் சவ்வு போலப் படரும் கடுமையான அழற்சி. அதற்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்பது 1978இல் உறுதியானது.

நல்ல பாக்டீரியாக்கள் இருக்கும் வரை இது வாலாட்டாது. அவை அழிந்ததும் பெருகி, குடல் சுவரைப் புண்ணாக்கும் நச்சை வெளியிடும்.

எல்லா ஆன்டிபயாடிக்கும் இந்த விஷயத்தில் ஒரே மாதிரி இல்லை. கிளிண்டாமைசின், செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனம் ஆகியவற்றில் ஆபத்து அதிகம். டாக்சிசைக்ளினில் குறைவு. எத்தனை நாள் எடுத்தார், ஒரே சமயத்தில் எத்தனை மருந்து என்பதும் கணக்கில் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் 'கேஸ் மாத்திரை' என்று வாங்கிப் போடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்தத் தொற்று அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. வயிற்று அமிலம் குறைவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ரத்தக் கசிவைத் தடுக்க, அல்சருக்கு என்று டாக்டர் தேவை கருதிக் கொடுத்திருந்தால் நிறுத்தக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரியில் 5 நாளுக்கு எழுதியதை 5 வருஷமாகப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது "இது இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள்.

வயதானவர்களுக்கு ஏன் அதிக பாதிப்பு?

65 வயதைத் தாண்டியவர்களிடம் இந்தத் தொற்று அதிகம் வருகிறது, உயிரிழப்பும் அவர்களிடம்தான் அதிகம். நோய் எதிர்ப்பு சக்தி குறைவது ஒரு காரணம். பல நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது இன்னொன்று.

ஆனால் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்கத் தவறுவது வேறு. வயதானால் தாகம் எடுக்கும் உணர்வே மங்கிவிடும். உடம்பில் தண்ணி வற்றினாலும் "எனக்குத் தாகம் இல்லப்பா" என்பார். ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பயந்து தண்ணி குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்ச்சத்தைக் கணக்கிடும் பழைய முறையும் சுருங்கிய தோலில் சரிவராது. நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் குறைந்து அடர் நிறத்தில் போகிறதா, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது.

அடுத்தது மருந்துப் பெட்டி. பிரஷருக்கு டெல்மிசார்டான், கால் வீக்கத்துக்கு ஃபுரோசிமைடு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். மற்ற நாளில் இவை தேவையான மருந்துகள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பேதியாகும் உடம்பில், இதே மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், ரத்த அழுத்தத்தைத் தரைமட்டத்துக்கு இறக்கலாம். மெட்ஃபார்மின் ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல விஷயம். பேதி நடக்கும் நாட்களில் அந்த மாத்திரைகளை என்ன செய்வது என்று டாக்டரிடம் போனிலாவது கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பல ஆன்டிபயாடிக்குகள் அதன் வேகத்தைக் கூட்டிவிடும். ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பேதியை நிறுத்தும் மாத்திரை போடலாமா?

டாக்டர் பார்க்காமல் போடவே கூடாது. லோப்பரமைடு போன்ற மாத்திரைகள் குடலின் அசைவை நிறுத்துகின்றன. சி டிஃப் தொற்று இருக்கும் குடலில் நச்சு உள்ளேயே தேங்கிவிடும். பெருங்குடல் பலூன் மாதிரி வீங்கி, ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. பேதி திடீரென்று நின்றுவிடும். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். அதே நேரம் வயிறு உப்பி, வலி எடுத்து, காய்ச்சல் அடித்தால் அது குணமாவதன் அறிகுறி இல்லை, அவசர சிகிச்சைக்கான அறிகுறி. 108க்கு போன் பண்ண வேண்டிய நேரம். மலத்தில் ரத்தம், கறுப்பாகப் போவது, மயக்கம், அரை நாளாகச் சிறுநீர் போகாதது ஆகியவற்றுக்கும் அதேதான்.

எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் தண்ணியாகப் போனால் டாக்டரிடம் போங்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதீர்கள். அதில் எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் என்று இருக்கும். சம்மரி தொலைந்துவிட்டால் மாத்திரை அட்டைகள், பார்மசி பில் எதுவானாலும் கையோடு எடுத்துப் போங்கள்.

தேதியும் முக்கியம். மருந்து எடுக்கும்போதே இந்தத் தொற்று வரலாம். நிறுத்திய பிறகும் முதல் ஒரு மாதம் ஆபத்து அதிகம், மூன்று மாதம் வரைகூட வரலாம். "மாத்திரை முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே, அது காரணமா இருக்காது" என்று நீங்களே முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

சாதாரண மலப் பரிசோதனையிலோ, வழக்கமான கல்ச்சரிலோ இந்தக் கிருமி தெரியாது. ஆக்சிஜன் பட்டால் வளராத ரகம் இது. இதற்கென்று தனியாக டெஸ்ட் எழுத வேண்டும், நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா ஊர் லேபிலும் இந்த வசதி கிடையாது. "ஸ்டூல் டெஸ்ட் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தும் பேதி நிற்காவிட்டால், "ஆன்டிபயாடிக்கால வர்ற தொற்றுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம்.

ரத்தப் பரிசோதனையில் டாக்டர் பார்க்கும் இரண்டு எண்கள்: வெள்ளை அணுக்கள் 15,000 அல்லது அதற்கு மேல், கிரியாட்டினின் 1.5க்கு மேல். இரண்டில் ஒன்று இருந்தாலே கடுமையான தொற்று என்று கணக்கு.

சிகிச்சை என்ன?

முடிந்தால், காரணமான ஆன்டிபயாடிக்கை நிறுத்துவார்கள் அல்லது மாற்றுவார்கள். இந்த முடிவு டாக்டருடையது. பாதியில் நிறுத்தினால் நிமோனியாவோ ரத்தத் தொற்றோ திரும்பிவிடும் நோயாளியும் இருப்பார்.

ஆன்டிபயாடிக்கால் வந்த நோய்க்கு இன்னொரு ஆன்டிபயாடிக்கே மருந்து என்பது விசித்திரமாகத்தான் இருக்கும். வான்கோமைசின் 125 மில்லி கிராம், ஒரு நாளைக்கு நாலு வேளை, 10 நாள், வாய் வழியாக. ரத்தக்குழாயில் ஊசியாக ஏற்றினால் இது பெருங்குடலுக்குப் போதிய அளவு போய்ச் சேராது. அதனால் சில இடங்களில் ஊசி மருந்து பாட்டிலையே தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து "ஊசி மருந்தைக் குடிக்கச் சொல்றாங்களே" என்று பதற வேண்டாம். ஃபிடாக்சோமைசின் என்ற புது மருந்தும் உண்டு, விலை அதிகம். லேசான தொற்றுக்கு, வேறு வழியில்லாத இடத்தில் மெட்ரோனிடசோல் கொடுக்கிறார்கள்.

குணமானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தொற்று திரும்ப வருகிறது. அப்படித் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்தில் இருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் குடலில் செலுத்தும் சிகிச்சை இருக்கிறது. கேட்டால் முகம் சுளிப்போம். ஆனால் 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இது வான்கோமைசினை விட நன்றாக வேலை செய்தது. 2023இல் அமெரிக்கா இதை வாயால் விழுங்கும் மாத்திரையாகவே அனுமதித்துவிட்டது.

வீட்டில் என்ன கொடுக்கலாம்?

முதலில் ஓஆர்எஸ். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்றைக்கும் அதே வழிதான்.

பாக்கெட்டில் எத்தனை மில்லி தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கலக்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு ஏறிவிடும். பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அட்டை டப்பாவில் வரும் இனிப்பு பானத்தை ஓஆர்எஸ் என்று நம்பாதீர்கள். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது.

சர்க்கரை நோயாளிக்கு ஓஆர்எஸ் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. ஆனால் இதய செயலிழப்பு, சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவருக்கு இளநீரும் யோசித்துத்தான் கொடுக்கணும், அதில் பொட்டாசியம் அதிகம்.

சாப்பாட்டை நிறுத்தி வயிற்றைக் காயப்போடும் வழக்கம் வேண்டாம். கஞ்சி, குழைந்த சாதம், இட்லி, மோர் போதும். பால் சில நாளைக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் எடுப்பவர்கள் மட்டும் பால், தயிர், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எதையும் மருந்தோடு சேர்க்காமல் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடணும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கவும் கூடாது, உணவுக்குழாயில் புண் வரும்.

மெடிக்கல் ஷாப்பில் தரும் புரோபயாடிக் கேப்ஸ்யூல்? இதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சிறிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பலன் தெரிகிறது. ஆனால் 2013இல் பிரிட்டனில் 65 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 3,000 ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வில், கேப்ஸ்யூல் எடுத்தவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும், டம்மி மாத்திரை எடுத்தவர்களில் 10.4 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு வந்தது. வித்தியாசமே இல்லை! காசு செலவழித்து வாங்கும் அளவுக்கு இதில் உறுதி கிடையாது. எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவும் கூடாது.

சானிடைசர் போதுமா?

போதாது. கொரோனா காலத்தில் பழகிய சானிடைசர் இந்தக் கிருமியிடம் பலிக்காது. விதை மாதிரி கெட்டியான ஓடு போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. பெட்பேன் எடுப்பவர், டயபர் மாற்றுபவர், துணி துவைப்பவர் எல்லோரும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். முடிந்தால் கையுறை. நோயாளி பயன்படுத்தும் கழிப்பறையைக் குளோரின் கலந்த திரவத்தால் துடையுங்கள். ஆனால் அதோடு ஆசிட் டாய்லெட் கிளீனரைக் கலந்துவிடாதீர்கள், விஷ வாயு வரும்.

வார்டில் துணைக்கு இருக்கும் அட்டெண்டர்களுக்கும் இதே விதிதான். பக்கத்து பெட் பாட்டிக்கு உதவி செய்துவிட்டு அப்படியே நம்ம அம்மாவுக்குச் சாப்பாடு ஊட்டுவது நம் ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாக நடக்கிறது.

இங்கிலாந்தில் நடந்தது என்ன?

இதை அலட்சியமாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அங்கே உதாரணம் இருக்கிறது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 2003 முதல் 2005 வரை இரண்டு முறை இந்தத் தொற்று பரவி, 334 பேர் பாதிக்கப்பட்டு, குறைந்தது 33 பேர் இறந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. நோயாளிகளைத் தனி அறைக்கு மாற்றுவதில் காட்டிய மெத்தனம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது.

அதன் பிறகு கண்காணிப்பு இறுகியது. 2007-08இல் இங்கிலாந்தில் 55,000ஐத் தாண்டியிருந்த எண்ணிக்கை, ஆறே ஆண்டில் 13,000 அளவுக்கு இறங்கியது. கை கழுவுவதும் சுத்தமும் உதவின. ஆனால் லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைக் கட்டுப்படுத்தியதுதான் முக்கியக் காரணம் என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது.

நம்ம நிலைமை? 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கு வழிமுறை வகுத்தன. 'சென்னை பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் உள்ளிட்ட மருந்துகள் எச்1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சளி பிடித்ததற்கெல்லாம் அதே மாத்திரை இரண்டு நாளுக்குக் கிடைக்கும் கடைகள் இருக்கின்றன என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை எப்படித் தவிர்ப்பது?

வயதானவர்களுக்கு அதிகம் நடக்கும் ஒன்று இது: வேறு எதற்கோ யூரின் டெஸ்ட் எடுப்பார்கள், கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வரும். எரிச்சல், காய்ச்சல், வலி எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலான முதியவர்களுக்கு அதற்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. சில அறுவை சிகிச்சைகளுக்கு முன்னால் மட்டும் விதிவிலக்கு. வைரஸ் சளி, காய்ச்சலுக்கும் தேவையில்லை.

ஒரு முறை சி டிஃப் வந்தவர் என்றால், அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், மருந்து எழுதும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் பெரியவர் மறந்தாலும் கூடப் போகிறவருக்குத் தெரியும். ராத்திரியில் சந்தேகம் வந்தால் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். போனை எடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இன்றைக்கு எத்தனை முறை போனது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், கடந்த மூன்று மாதத்தில் எடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயர்.